கருட சேவை அன்று இழுத்த ஜெனரேட்டர்

எங்கள் பிழைப்பு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது. கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் கூட்டம், கட்சி மேடை என்று எங்கே கரண்டை நம்ப முடியாதோ அங்கே எங்களைக் கூப்பிடுவார்கள். காஞ்சிபுரம் பக்கம் ஐயம்பேட்டையில் ரோட்டை ஒட்டி ஷெட். அதில் சின்ன மெஷின் இரண்டு, பெரியது ஒன்று. பெரியதை நாலு சக்கர டிரெய்லர் மேலேயே நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறோம். தள்ளி நின்று பார்த்தால் ஜன்னல் இல்லாத ஒரு அறைக்கு யாரோ சக்கரம் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். அதை இழுக்கிற பிக்கப்பை ஓட்டுவது நான். மெஷினைக் கட்டி மேய்ப்பது என் வீட்டுக்காரர்.

அந்தப் பிக்கப்பை வாங்கும்போது எங்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. பெட்ரோல் வண்டி வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். பாரத்தை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து கிளம்ப டீசல்தான் சரி. ஆனால் அவர் பழைய டீசல் கேட்டார், நான் புது டீசல் கேட்டேன்.

"பழைய வண்டி நின்னா ஸ்பேனர் வெச்சு எழுப்பிடுவேன். புது வண்டி நின்னா கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவன்தான் வரணும்" என்றார்.

"பழைய வண்டி கக்குற பொகையைக் கோயில் வாசல்ல வெச்சிக்கினு நிக்க என்னால ஆவாது" என்றேன் நான்.

புது வண்டிதான் வந்தது. அதன் சைலன்சரில் கரியைப் பிடித்து வைக்கிற ஒரு ஃபில்டர் உண்டு. அதில் கரி சேரச் சேர, வண்டியே தன் புகையைச் சூடாக்கி அதை எரித்துக்கொள்ளும். அதற்கு ஹைவேயில் கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் நடக்காது. ஷெட்டிலிருந்து மண்டபத்துக்கு, மண்டபத்திலிருந்து கோயிலுக்கு, ஊர்ந்து ஊர்ந்தே ஓட்டம். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாலாஜாபாத் தாண்டி வேகமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன். கருட சேவைக்கு முந்தின நாள்கூட ஓட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வைகாசி கருட சேவை அன்று விடியும்போதே சின்ன காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் சின்ன மெஷின்கள் இரண்டும் முந்தின நாளே அன்னதானப் பந்தல்களுக்குப் போய்விட்டன. பெரியது ஷெட்டில் இருந்தது. இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சந்துக்குள் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. எங்களுக்குப் பழக்கம்தான். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் மெஷின் போட்டோம்.

எடுத்த எடுப்பில், "பெரிய மெஷின் ஷெட்ல இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குது டாக்டரம்மா."

"உடனே கொண்டு வாங்க. டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ஏரியாவுக்கே கரண்ட் இல்லை. ஈ.பி. வண்டி கூட்டத்துக்குள்ள வர முடியல. எங்க ஜெனரேட்டரும் புகையைக் கக்கிட்டு நின்னு போச்சு. இன்வெர்ட்டர்ல ஓடிட்டிருக்கோம். தியேட்டர்ல ஒரு பொண்ணு இருக்கா. குறைமாசத்துல பிறந்த குழந்தைங்க ரெண்டு மெஷின்ல இருக்கு."

"வேற ஆஸ்பத்திரிக்கு..."

"எப்படிம்மா? ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமா உள்ள வரும்?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் பிக்கப்பைப் பின்னால் எடுப்பதற்குள் டிரெய்லரின் இழுவைக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கேபிள் உருளை, கட்டைகள், சங்கிலி, நாங்கள் அவசரத்துக்கு வைத்திருக்கும் இரும்பு இழுவைத் தண்டு எல்லாவற்றையும் பின்னால் போட்டார்.

"சின்ன மெஷின் ஒண்ணைப் பந்தல்லருந்து கேட்டுப் பார்க்கலாமா? பக்கத்துலயே இருக்குதே" என்றேன்.

"தியேட்டர், கொழந்தைங்களைச் சூடா வெக்கிற வார்மர், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் ஒண்ணா இழுக்கணும். சின்னது தாங்காது. வண்டியை எடு."

ஊர் எல்லை வரை ஒன்றுமில்லை. டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியாமல் பிக்கப் போனது. போலீஸ் தடுப்பில் நிறுத்தினார்கள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அங்கே நின்ற போலீஸ்காரர் கையில் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடுப்பை அவரே இழுத்துத் தள்ளினார்.

"நான் முன்னாடி நடக்கறேன். என் முதுகைப் பார்த்துக்கினே வாங்க. ஹாரன் அடிக்காதீங்க, கும்பல் பயந்து ஒண்ணு மேல ஒண்ணு விழும்."

அவர் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் முதல் கியரில் அவர் பின்னால். என் வீட்டுக்காரர் இறங்கி, டிரெய்லருக்குப் பக்கத்தில் அதன் ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் தொட்டபடி நடந்து வந்தார். கண்ணாடியில் அவர் தலை மட்டும் தெரிந்தது.

அப்படி ஒரு கூட்டத்தில் வண்டி ஓட்டுவது எப்படி என்று சொன்னால் புரியாது. பானட்டுக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தார். தோளில் குழந்தையோடு ஒரு அப்பா. கைகோத்துக்கொண்டு நாலு பெண்கள். செருப்பில்லாத கால்கள். யாரும் நமக்காக விலகுவதில்லை, கூட்டம் நகரும்போது தானாக ஒரு அடி இடம் கிடைக்கிறது. அந்த ஒரு அடியை எடுத்துக்கொள்வேன். பிறகு நிற்பேன். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் நடுங்க ஆரம்பித்தது.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது அப்போதுதான். ஃபில்டர் விளக்கு.

முதலில் எனக்குப் பயமில்லை. முன்பும் வந்திருக்கிறது. ஆனால் ஏ.சி.யை நிறுத்தியும், வண்டி ஒரு மாதிரி மூச்சு முட்டுகிற சத்தத்தோடு ஓடியது. விளக்கு மின்ன ஆரம்பித்தது. பிறகு அதன் பக்கத்திலேயே இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் சுற்று ஏறவே இல்லை. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிட்டது.

எதிரே கால்வாய்க்கு மேல் போட்ட சின்னப் பாலம். புதிதாக உயர்த்திக் கட்டியது. இரண்டு பக்கமும் ஏற்றம். முன் சக்கரம் அதில் ஏறியதும் இன்ஜின் அணைந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். திரும்ப செல்ஃப் அடித்தேன். வந்தது. கிளட்சை விட்டேன். திரும்ப அணைந்தது.

என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார். "நான் சொன்னேனே" என்று அவர் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நிக்க வெச்சே கரியை எரிக்கறதுக்கு ஒரு வழி இருக்குதுன்னு சொன்னியே?"

"இருக்குது. ஆனா நேரம் ஆவும். சைலன்சர் அடுப்பு மாதிரி ஆயிடும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுற்றிலும் பார்த்தோம். இடது பக்கம் மோர்ப் பந்தல். காய்ந்த தென்னங்கீற்று தொட்டுவிடுகிற தூரத்தில் தொங்கியது. சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் வெறும் கால்கள், பாவாடைகள், உட்கார்ந்துகொண்டு மோர் குடிக்கிற கிழவர்கள்.

"வேணாம்" என்றார். சாவியை அவரே திருப்பி அணைத்தார்.

போலீஸ்காரர் பத்துப் பதினைந்து ஆண்களைக் கூப்பிட்டார். சந்தோஷமாக வந்தார்கள். டிரெய்லரைக் கழற்றி, பிக்கப்பைப் பந்தலுக்கு எதிர்ப்புறம் ஓரம் தள்ளினோம். பிறகு டிரெய்லரைத் தள்ளினார்கள். ஏற்றத்தில் பாதி வரை ஏறியது. அங்கே ஒருவர் கால் வழுக்கியது. அவ்வளவுதான், மொத்தப் பாரமும் பின்னால் உருண்டது. தள்ளினவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். பின்னால் ஒரு பெண், ஒரு கையில் துளசி மாலை, இன்னொரு கையில் பெண் குழந்தை, நகர இடமில்லாமல் அப்படியே நின்றாள். என் வீட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கில் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். டிரெய்லர் அவள் முட்டியைத் தொட்டு நின்றது. நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். முதல் தடவை கட்டை சக்கரத்தில் படவே இல்லை, திரும்ப நெட்டி வைத்தேன்.

"ஆள் தள்றது வேணாம் சார்" என்றார் அவர் போலீஸ்காரரிடம். மூச்சு வாங்கியது. "ஏறினாலும் அந்தப் பக்கம் எறக்கத்துல புடிக்க முடியாது. முன்னாடி ஒரு வண்டி இருந்துதான் ஆவணும்."

மோர்ப் பந்தலில் ஒரு குட்டி பெட்ரோல் வண்டி நின்றது. தண்ணீர் டிரம் கொண்டு வந்து இறக்கிய வண்டி. அதன் டிரைவர், நரைத்த மீசைக்காரர், நாங்கள் கேட்பதற்கு முன்பே சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது உங்க பாரத்தை இழுக்குமான்னு தெரியலம்மா. இழுத்துப் பார்ப்போம்."

மாட்டினோம். அவர் ஆக்சிலேட்டரைக் கொடுத்தார். பெட்ரோல் இன்ஜின் கீச்சென்று கத்தியது. பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்பக்கம் காலி, அதனால் பிடிப்பில்லை. நாலு பேர் தண்ணீர் டிரம்களைத் திரும்பத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். இந்தத் தடவை சக்கரம் பிடித்தது. டிரெய்லர் ஒரு முழம் நகர்ந்தது. உடனே அந்த வாடை வந்தது. கிளட்ச் தீய்கிற வாடை. டிரைவர் விடாமல் மிதித்தார். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை.

"போதும், வுடுங்க! வண்டி வீணாப் போவுது!" என்று என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"இன்னொரு வாட்டி..."

"வேணாம்பா. கேளு என் பேச்சை. அதுக்கு மேல அதால ஆவாது."

அந்த மனிதர் இறங்கி நின்று தன் வண்டியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க" என்றார். எதற்கு மன்னிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. டாக்டரம்மா இல்லை, நர்ஸ். "எங்க வந்துக்கினு இருக்கீங்க? இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சிடுச்சு." பாலத்துக்கிட்ட, வந்துவிடுகிறோம் என்றேன். பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி மாடி கண்ணுக்கே தெரியும். இரண்டு திருப்பம். அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவின் வாயில் ஒரு கார் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நீளமான, ஏழு பேர் உட்காருகிற கார். அதை ஓட்டிவந்த அம்மா இறங்கி நின்று நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என் வயசு இருக்கும். மடிசார் இல்லை, சாதாரணக் காட்டன் புடவை. நெற்றியில் ஐயங்கார் வீட்டு ஸ்ரீசூர்ணக் கோடு. தெருவில் மாட்டிக்கொண்ட காரை வீட்டுக்குத் திருப்ப முடியாமல் நின்றவர். அவரே என்னிடம் வந்தார். நான் போனில் சொன்னதை எல்லாம் கேட்டிருப்பார் போல.

"இது இழுக்குமா பாருங்கோ. ஹைபிரிட் வண்டி. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு."

என் வீட்டுக்காரர் காரின் பின்னால் குனிந்து பார்த்தார். அடியில் கொக்கி மாட்ட இரும்பு வளையம் இருந்தது. நிமிர்ந்தார்.

"வளையம் இருக்குது. ஆனா அது காரே நின்னு போனா கட்டி இழுக்கத்தாம்மா. இவ்ளோ பாரத்தை இழுக்கலாம்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்க மாட்டான்."

"புத்தகத்துல இழுக்காதேன்னுதான் போட்டிருக்கான். படிச்சிருக்கேன்."

"அப்பறம்?"

"வண்டி என் தம்பியோடது. அவன் ஊர்ல இல்லை. போன் போட்டுப் பார்த்தேன், கூட்டத்துல லைன் கிடைக்கலை." போனைப் பைக்குள் போட்டார். "கிடைச்சிருந்தா வேண்டாம்பான். மாட்டுங்கோ."

என் வீட்டுக்காரர் குனிந்து வளையத்தை இன்னொரு தடவை பார்த்தார். இரும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒரே மூச்சில் வேலை செய்தார். இழுவைத் தண்டை வளையத்தில் மாட்டினார், அது நழுவினாலும் விட்டுப்போகாமல் சங்கிலியைச் சுற்றினார், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். என்னைக் காரில் உட்காரச் சொன்னார்.

"அந்தம்மா ஓட்டட்டும், அவங்க வண்டி. நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. நான் கை தூக்கினா நிக்கணும். நான் பிரேக்கை வுட்டப்புறம்தான் எடுக்கணும்."

உட்கார்ந்தேன். கார் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. திரையில் ஏதோ பச்சைக் கோடுகள்.

"ஸ்டார்ட்ல இருக்குதா?"

"இருக்கு."

"மெல்லக் கால் வைங்க. முழுசா மிதிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா."

பக்கக் கண்ணாடியில் என் வீட்டுக்காரர் கையை இறக்குவது தெரிந்தது. பிரேக்கை விட்டுவிட்டார். அந்த அம்மா காலை வைத்தார். எனக்குப் பழக்கப்பட்ட எதுவும் நடக்கவில்லை. இன்ஜின் உறுமல் இல்லை, கிளட்ச் பிடிக்கிற உதறல் இல்லை. யாரோ கீழே இருந்து ஏந்தித் தள்ளுகிற மாதிரி கார் முன்னால் சாய்ந்தது. சங்கிலி இறுகுகிற சத்தம். டிரெய்லர் அசைந்தது. நின்ற இடத்திலிருந்தே, சுற்று ஏற்றாமல், மோட்டார் முழுப் பலத்தையும் கொடுத்தது. இப்படி ஒரு இழுவையை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. முன் சக்கரங்கள் ஒரு தடவை வழுக்கின, பிடித்தன. ஏறினோம். பாதி ஏற்றத்தில் பெட்ரோல் இன்ஜின் தானாக விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அந்த அம்மா திடுக்கிட்டுக் காலை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க! அப்படியே! அப்படியே வைங்க!"

பாலத்தின் உச்சி. பின்னால் டிரெய்லரும் ஏறிவிட்டது. இறக்கத்தில் அதன் எடை காரை முன்னால் நெட்டியது. என் வீட்டுக்காரர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டார். ஒவ்வொரு தடவையும் என் முதுகில் ஒரு இடி.

பாலம் இறங்கியதும் வேறு தொல்லை. ஊர்ந்து போகும்போது பெட்ரோல் இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் ஓடியது. சத்தமே இல்லை. பிக்கப் வந்தால் அந்த உறுமலுக்காவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் கார் முதுகைத் தொடும்வரை ஒருவருக்கும் தெரியவில்லை. நாதஸ்வரமும் மேளமும் எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தன, போலீஸ்காரர் விசில் அதில் கரைந்துபோனது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"ஒத்திக்கோங்கோ! கொஞ்சம் ஒத்திக்கோங்கோ!"

குரல் அழுகிற மாதிரி இருந்தது. நானும் என் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். "நவுருப்பா! வண்டி வருது, நவுரு! ஏம்மா, கொழந்தையைத் தூக்கிக்கோ!"

முதல் திருப்பத்துக்கு வந்தோம். அந்த அம்மா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"எந்தத் தெரு?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு அர்த்தம்தான். எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சாதி என்று கேட்பது. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். என் அப்பா இந்தப் பக்கத்துத் தெருக்களில் கூலிக்கு மூட்டை சுமந்தவர். எந்த நேரத்தில் எதைக் கேட்கிறது என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஐயம்பேட்டை காலனிம்மா" என்றேன். வேண்டுமென்றே காலனி என்று சொன்னேன்.

அவர் ஒரு நொடி புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. காது வரை சிவந்துவிட்டது.

"ஐயோ, அதில்லை. எந்தத் தெருவுல திரும்பணும்னு கேட்டேன். வலது பக்கமா, அடுத்ததா?"

"அடுத்தது" என்றேன்.

அதற்கு மேல் பேச நேரம் இல்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஹைபிரிட் சிஸ்டம் சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்து என்று. காரின் இழுவை கையால் தொட்டு உணர்கிற மாதிரி குறைந்தது. இன்னும் மெதுவாகி, ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றது. மிதித்தாலும் போகவில்லை.

அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, "போச்சா?" என்றார். "முழுசாப் போச்சா?"

நான் கற்ற வண்டிகளில் சூடானால் பானட்டைத் திறப்பேன், தண்ணீர் ஊற்றுவேன். இதில் எதைத் தொடலாம், எதைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இறங்கி ஓடினேன். என் வீட்டுக்காரர் அதற்குள் கட்டை வைத்துவிட்டு, தெருவின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"இங்கேயே நிக்கட்டும்" என்றார். "கடைக்குப் பின்னாடிதானே ஆஸ்பத்திரி சுவரு?"

ஆமாம். கடையைச் சுற்றி இன்னொரு திருப்பம் போனால்தான் வாசல். ஆனால் கடையின் பின்கட்டும் ஆஸ்பத்திரியின் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கேபிளுக்குத் திருப்பம் எதற்கு?

பட்டுக்கடைக்காரர் அன்று கடையைத் திறக்கவில்லை, பாதிக் கதவைத் திறந்து வருகிறவர்களுக்குப் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டார். வெள்ளை விரிப்பை மிதித்துக்கொண்டு கேபிளை இழுத்து ஓடினோம். பீரோக்களுக்கு நடுவே, முந்தானை விரித்த பொம்மைகளுக்கு நடுவே, பின்கட்டு, அங்கிருந்து சுவர். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் ஏறினார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டுபாய் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கேபிள் முனை அவர் கைக்குப் போனபோது உருளையில் மிச்சம் சில சுற்றுதான்.

என் வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இருந்த மெயின் போர்டில் இணைப்புக் கொடுக்கப் போனார். மெஷினை எழுப்புவது என் பொறுப்பு. தெருவுக்கு ஓடிவந்து டிரெய்லர் கதவைத் திறந்து நின்றேன். அவர் போனில் சொன்னால்தான் எழுப்ப வேண்டும். அதற்கு முன் கரண்டை விட்டால் அவர் கை அதில் இருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். போகவில்லை.

அந்த அம்மா காரை விட்டு இறங்கி வந்தார். லைன் கிடைக்காமல் நான் நிற்பதைப் பார்த்ததும் கடைக்குள் ஓடினார். பின்கட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"ரெடியா? அங்கே ரெடியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பதில். எனக்குக் கேட்கவில்லை.

"போடச் சொல்றார்! உங்காத்துக்காரரே சொல்றார், போடச் சொல்றார்!"

"அவர்தான் சொன்னாரா? அவர் வாயால சொன்னாரா?"

"அவர்தான்! சுவருக்கு மேல எட்டிப் பார்த்தேன், கையை எடுத்துட்டார்!"

செல்ஃபை அடித்தேன். மெஷின் இருமியது, நின்றது. திரும்ப அடித்தேன். பிடித்துக்கொண்டது. மீட்டர் முள் ஏறி, ஆடி, நடுவில் நின்றதும் பெரிய சுவிட்சைத் தூக்கினேன். பாரம் விழுந்ததும் மெஷினின் சத்தம் ஒரு படி கீழே இறங்கி அழுத்தமானது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். அப்படியே டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இன்வெர்ட்டர் நாங்கள் பட்டுக்கடை வாசலில் நின்றபோதே நின்றுவிட்டது. டாக்டரம்மா செல்போன் வெளிச்சத்தில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நர்சுகள் இரண்டு குழந்தைகளுக்கும் கையால் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வந்தபோது அதில் ஒருத்தி பையை விடாமலேயே அழுதாளாம்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தபின் ஈ.பி. வண்டி வந்தது. கரண்ட் வந்தபிறகும், இன்னும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடட்டும் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். தியேட்டரில் இருந்த பெண் பிழைத்துவிட்டாள். குழந்தைகளில் ஒன்றை மறுநாள் சென்னைக்கு அனுப்பினார்கள். மாதக் கணக்கில் அங்கேயே இருந்துவிட்டு அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டதாக நர்ஸ் சொன்னாள். அந்தக் குழந்தைகளை நான் பார்த்ததில்லை. போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பி, எந்த உரிமையில் போவது என்று திரும்பிவிட்டேன்.

கார் அன்று மதியமே சூடு ஆறி, ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடியது. ஆனால் பின்னால் வளையம் பொருத்திய தகடு வளைந்துவிட்டது. அதைச் சரி செய்து தருகிறோம் என்று என் வீட்டுக்காரர் போனில் கேட்டதற்கு அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி கத்தினான். அப்புறம் எப்படி இழுத்ததுன்னு அவனே நாலு பேர்கிட்ட சொல்லிண்டு திரியறான்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"அன்னிக்குத் தெருன்னு கேட்டது..."

"அதை வுடுங்கம்மா. எனக்குத்தான் தப்பாக் கேட்டுது."

"தப்பாக் கேட்கலை. கேட்டுப் பழகிண்டிருக்கேள். அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை."

சரிம்மா, வீட்டுப் பக்கம் வாங்க என்று மட்டும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சர்ச் விட்டு வந்த புடவையோடு நான் டீ போட்டேன். குடித்தார். ஷெட்டில் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

பிக்கப்பை மறுநாள் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் சரி செய்தோம். கம்ப்யூட்டர் வைத்திருந்தவன்தான் செய்தான். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் இருந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் திடீரென்று சொன்னார்.

"பழைய வண்டியா இருந்திருந்தா ஏறியிருக்கும்."

"ஏறியிருக்கும்" என்றேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது?

"ஆனா அந்தப் பொகையில மோர்ப் பந்தல்ல இருந்தவங்க செத்திருப்பாங்க" என்றார். சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், பிறகு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மிதி. கரி எரியட்டும்."

இப்போதெல்லாம் கருட சேவைக்கு முந்தின நாள் மத்தியானமே பெரிய டிரெய்லரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கொல்லையில் நிறுத்திவிடுகிறோம். அவர் அங்கேயே படுத்துக்கொள்கிறார். நர்சுகள் அவருக்கு இட்லி கொடுக்கிறார்கள். நான் பிக்கப்பை வெறுமனே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், பின்னால் பாரம் இல்லாததால் ஒவ்வொரு குழியிலும் அது துள்ளுகிறது.